கேட்பவளை யார் கேட்பது?

கீழ்பென்னாத்தூரில் என் அம்மா வீட்டுக்கு எதிர்வீட்டில் இருப்பவரை ஊரே 'ஊழியக்காரம்மா' என்றுதான் கூப்பிடும். நான் அக்கா என்பேன். முப்பது வருடமாகச் சபைக்காக வீடு சந்திக்கிறார். செஞ்சி சாலையை ஒட்டிய சிற்றூர்களில் பேருந்தை விட்டு இறங்கி, திண்ணையிலோ அடுப்பங்கரையிலோ உட்கார்ந்து, பெண்கள் சொல்வதைக் கேட்பார். குடிக்கிற கணவன், தங்காத கரு, கட்டிக்கொடுத்த இடத்தில் நிம்மதியில்லாத மகள். கேட்டு முடித்து, ஜெபித்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போவார்.

ஒரு மாலை அவர் சொன்னார்: "பத்து வருசத்துக்கு முன்னாடி ஒரு பொண்ணு முதுகக் காட்டி அழுதா. பொறுத்துக்கோ, ஆண்டவர் பாத்துப்பாருன்னு சொல்லி அனுப்பிட்டேன். இன்னும் அந்த முதுகு கண்ணுல நிக்குதும்மா."

"யார்கிட்டயாவது சொன்னீங்களாக்கா?"

"ஒருத்தி நம்பிச் சொன்னத யாருகிட்டச் சொல்றது?"

இந்தக் கேள்விக்கு ஆலோசனைத் துறையில் ஒரு பதில் இருக்கிறது. 1925இல் அமெரிக்காவின் வூஸ்டர் மனநல மருத்துவமனையில் இறையியல் மாணவர்களுக்குப் பயிற்சி தொடங்கிய ஆன்டன் பாய்சன், அதற்குச் சில ஆண்டுகள் முன்பு தானே மனம் குலைந்து மருத்துவமனையில் கிடந்தவர். அவர் தொடங்கிய மரபில் வளர்ந்த பழக்கம் இது: நடந்த உரையாடலை, அவள் சொன்னது, நான் சொன்னது என்று நினைவிலிருந்து எழுதி, பெயரை நீக்கி, அனுபவமுள்ள இன்னொருவர் முன் வைப்பது. வேலூரில் ஆயர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் பயிற்சி தரும் கிறிஸ்தவ ஆலோசனை மையம் 1970களிலிருந்து இயங்குகிறது. அக்கா இருக்கும் ஊரிலிருந்து வேலூர் பேருந்துப் பயணத் தூரம்தான். அந்தப் பயணத்துக்கு அவரை யாரும் அனுப்பியதில்லை.

அனுப்பியிருந்தால் என்ன கேட்டிருப்பார்கள்? வந்த பெண்ணைப் பற்றி அல்ல, அக்காவைப் பற்றித்தான் கேட்டிருப்பார்கள். 'பொறுத்துக்கோ' என்ற சொல் அந்த நொடியில் ஏன் வந்தது? அது யாருடைய குரல்? என்னிடம் பேசிக்கொண்டிருக்கும்போது அக்காவே கண்டுபிடித்தார்: அது அவர் அம்மா அவரிடம் சொன்னது. தனக்கு ஆறாத இடத்தை அவர் இன்னொருத்திக்கு மருந்தாகக் கொடுத்திருந்தார். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை. 181 என்ற எண்ணை நான் சொன்னபோதுதான் குறித்துக்கொண்டார்.

இந்தப் பழக்கத்துக்குத் தமிழில் 'மேற்பார்வை' என்று பெயர் வைத்திருக்கிறோம். அந்தச் சொல்லில் மேஸ்திரியின் நிழல் விழுகிறது. தமிழ் வேதாகமத்தில் சபைத் தலைவருக்குக் 'கண்காணி' என்ற சொல் உண்டு. அதே சொல்தான் கங்காணியாகி, நம் பக்கத்து மக்களை இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஓட்டிக்கொண்டு போனது. அக்காவுக்குக் கண்காணிகள் எப்போதுமே இருந்திருக்கிறார்கள். எத்தனை வீடு, எத்தனை பேர் ஜெபத்துக்கு வந்தார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். உனக்குள் என்ன நடந்தது என்று கேட்டதில்லை. அதனால்தான் சொல்கிறேன்: அப்படிக் கேட்பவர் கையில் அவருடைய சம்பளமோ இடமாற்றமோ இருக்கக் கூடாது. இருந்தால் அக்கா வாய் திறக்க மாட்டார்.

'ஊழியம்' என்பதும் யோசிக்க வேண்டிய சொல். திருவிதாங்கூரில் கூலியில்லாமல் வாங்கிய கட்டாய உழைப்புக்கும் அதே பெயர்தான். கேட்பது பெண்ணின் சுபாவம் என்று நினைப்பதால் அது வேலையாகக் கணக்கில் வருவதில்லை. சுபாவத்துக்கு யாராவது பயிற்சியும் ஓய்வும் கொடுப்பார்களா?

ஆனாலும் அக்காவின் கேள்வி மிச்சமிருக்கிறது. நம்பிச் சொன்னதை வெளியே எடுப்பது துரோகமில்லையா? தொல்காப்பியம் இதை 'அறத்தொடு நிற்றல்' என்கிறது. தலைவியின் ரகசியத்தைக் காத்துவந்த தோழி, காப்பதே அவளை அழிக்கும் என்ற நிலை வரும்போது செவிலியிடம் சொல்கிறாள். குறிஞ்சிப்பாட்டு முழுவதும் இப்படியொரு பேச்சுதான். அங்கே சொல்வது துரோகமல்ல, அறம். யாரிடம், எவ்வளவு, எதற்காக என்ற மூன்றும் சரியாக இருப்பதால் அது அறம். அந்த அறம் திருமணத்தில் போய் முடிகிறது என்பது எனக்குச் சங்கடம்தான். நமக்கு வேண்டிய 'எதற்காக' அந்தப் பெண்ணின் நலம், குடும்பத்தின் மானமல்ல.

இதை நான் பாடம் நடத்தித் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு மாணவி என்னை நம்பிச் சொன்னதை ஆசிரியர் அறையில் தேநீரோடு பேசிவிட்டேன். "பாவம்" என்றுதான் தொடங்கினேன். அந்த மூன்றில் ஒன்றுகூட அங்கே சரியாக இல்லை. அவள் அதன்பிறகு வகுப்பில் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பாரம் தாங்காமல் சிந்திவிடுவது ஒரு தவறு, அக்கா மாதிரி பத்து வருடம் பூட்டி வைப்பது இன்னொரு தவறு. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: இறக்கி வைக்க முறையான இடமில்லை. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் கொடுமை என்று தெரிந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் சொல்லியே ஆக வேண்டும். எது காக்க வேண்டிய ரகசியம், எது உடைக்க வேண்டியது என்று ஒருத்தி தனியாக, ராத்திரியில், படுக்கையில் கிடந்து முடிவு செய்ய முடியாது.

தமிழில் 'கேள்' என்றால் செவிகொடு, வினவு என்று இரண்டு பொருளும் உண்டு. கேட்பவளுக்கு இரண்டும் தேவை. அது அவருக்குச் சபை காட்டும் சலுகையல்ல, நம்பி வந்து முதுகைக் காட்டியவளுக்குச் சபை பட்ட கடன்.

அக்கா இப்போது ஒரு நோட்டில் எழுதுகிறார், பெயர் இல்லாமல். என்னிடம் கொடுக்க வந்தார். நான் வாங்கவில்லை. அதைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரைச் சபையிடம் கேட்கச் சொன்னேன், பேருந்துச் செலவோடு சேர்த்து. "கேட்டா தருவாங்களாம்மா?" என்றார்.

கேட்க வேண்டும் அக்கா.