கயிறு பிடிப்பவரின் கடமை

1544-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் கொச்சியிலிருந்து உரோமையிலிருந்த தம் தோழர்களுக்குப் புனித சவேரியார் ஒரு மடல் வரைந்தார். அதற்கு முன் ஓராண்டுக்கும் மேலாக அவர் நமது முத்துக்குளித்துறை ஊர்களில் உழைத்திருந்தார். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்குச் சென்று, சிறப்பாகத் தாம் கற்ற பாரீசுக்குச் சென்று, அறிவு மிகுந்தும் அன்பு குறைந்தும் இருப்போரை நோக்கி மதியிழந்தவன்போல் உரக்கக் கூவ வேண்டுமென்ற வேட்கை தம்முள் எழுவதாக அதில் குறிப்பிடுகிறார். கடல்கடந்த மாணவரிடம் பேச அவருக்கு இருந்த வழி, பல மாதம் பயணம் செய்யும் கடிதம் ஒன்றே.

இன்று அந்தத் தொலைவு இல்லை. 2022 பிப்ரவரி 24 அன்று அமெரிக்கக் கண்டங்களின் பல்கலைக்கழக மாணவர்களோடு மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் இணையவழி நேரடியாக உரையாடினார். சிக்காகோ நகர் லொயோலா பல்கலைக்கழகம் அதற்கு ஏற்பாடு செய்தது. 2023 செப்டம்பர் 26 அன்று தெற்காசிய மாணவர்களுக்கும் அந்த வாய்ப்புக் கிட்டியது. மாணவர்கள் முன்கூட்டியே குழுக்களாகக் கூடி ஆயத்தம் செய்திருந்தனர்; அவர்கள் பேச, அவர் செவிமடுத்து, பின்னரே மறுமொழி கூறினார்.

இத்தகைய கலந்துரையாடலை நடத்துபவரின் முதற்கடமை யாது? சவேரியாரைப்போல் கூவி எழுப்புவதா? திருத்தந்தையைப்போல் கேட்டிருப்பதா? இன்று பங்குகளிலும் இயக்கங்களிலும் கல்லூரிகளிலும் ஆசிரியரும் பொதுநிலையினருமான நம்மில் பலர் இப்பணியை ஏற்றிருப்பதால், இவ்வினா நம் அனைவருக்கும் உரியது.

மறையுரை மேடைக்கு இல்லாத ஓர் அதிகாரம் இணையக் கூட்டத்தை நடத்துபவருக்கு உண்டு. விரல் நுனியால் ஒரு மாணவனின் குரலை அடக்கிவிடலாம். அவனைக் கூட்டத்தினின்றே நீக்கிவிடலாம். எதிரே அமர்ந்திருப்பவனைப் பேசவிடாமல் தடுத்தால் அவன் முகவாட்டம் நம்மைச் சுடும். திரையிலோ அந்த வாட்டத்தை நாம் காண்பதில்லை. காணாத துன்பத்தை விளைவிப்பது எளிது என்பதே இங்குள்ள அறச்சிக்கல்.

திரையில் முகம் காட்டாதவனை அக்கறையற்றவன் என்று தீர்ப்பிடுவதும் இதைச் சேர்ந்ததே. 2020-இல் பெருந்தொற்றால் கல்லூரிகள் மூடப்பட்டபின், 2021 சனவரி முதல் ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜிபி தரவு பெறும் அட்டைகளைத் தமிழ்நாடு அரசு கல்லூரி மாணவர்க்கு விலையின்றி வழங்கியது. வகுப்பில் சேர அதுவே தேவைப்பட்ட வீடுகள் பல. ஒரே அறையில் குடும்பமே வாழும் வீட்டிலிருந்து பேசும் மாணவி தன் ஒளிப்படக் கருவியை மூடிவைப்பது சோம்பலால் அன்று, தன்மானத்தால்.

நமது கடற்கரைக்கே உரிய ஒரு தொழில் இங்கு நமக்கு வழிகாட்டும். முன்னாளில் முத்துக்குளிப்பவர் கல்லின் பாரத்தால் ஆழம் செல்வார். படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்து நிற்பார். மச்சானையே அப்பணிக்கு நிறுத்துவார்கள் என்று சொல்வதுண்டு; தமக்கையின் தாலியை நினைத்துக் கண்ணயராமல் இருப்பார் அல்லவா! 1961-க்குப் பின் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. ஆயினும் அந்தக் கடமையின் இலக்கணம் மாறவில்லை. அவர் மூழ்குவதில்லை, முத்தெடுப்பதுமில்லை. கீழேயுள்ளவரின் முகம் அவருக்குத் தெரியாது. கயிற்றின் சிறு அசைவை உணர்ந்து, உரிய நொடியில் இழுப்பதே அவர் பணி.

கலந்துரையாடலை நடத்துபவரும் அத்தகையவரே. நெடுநேரம் பேசாதிருந்த மாணவி தயங்கிச் சொல்லும் அரைச் சொற்றொடரும், அரட்டைப் பகுதியில் ஒருவன் எழுதி அழித்துவிடும் வரியும் கயிற்றின் அசைவுகள். தம் உரையிலேயே மூழ்கியிருப்பவர் அவற்றை உணரமாட்டார்.

அப்படியாயின் கேட்பது மட்டும் போதுமா? சாதிவெறியோ பெண்ணிழிவோ ஒருவர் வாயில் வெளிப்படும்போது வாளாவிருப்பது பொறுமையாகாது. இழிவுக்கு உள்ளானவரைக் கைவிடுவதாகும். இழுக்க வேண்டிய நொடியில் கயிற்றை இழுக்காதவரும் குற்றவாளியே. எம்மாவு வழியில் ஆண்டவர் முதலில் வினவினார், சீடர்களின் ஏமாற்றத்தை முழுவதும் கேட்டார், அதன்பின் கடிந்துகொண்டார், பின்னர் மறைநூலை விளக்கினார். அந்த வரிசையே நமக்குப் பாடம். கேளாமல் கடிந்துகொள்வது ஆணவம். கேட்டும் கடிந்துகொள்ளாதிருப்பது கோழைமை.

மேலும் ஒன்று. மாணவன் துணிந்து வெளியிடும் ஐயம் பதிவு செய்யப்பட்டு, துண்டாக்கப்பட்டு, வாட்சப்பில் உலா வருமாயின் அவன் மீண்டும் வாய் திறப்பானா? பதிவு செய்வதாயின் முன்கூட்டியே சொல்லி இசைவு பெறுவது நம் கடன். இறைவனைப் பற்றிய ஐயமாயினும், திருச்சபையைப் பற்றிய சினமாயினும், நம்மை நம்பி உரைத்ததைக் காப்பது நீதியின் பாற்பட்டது.

சவேரியாரின் கூவலும் அன்பில் பிறந்ததே. இந்தக் கரையின் எளிய மக்களோடு வாழ்ந்து, அவர்தம் தேவையைக் கண்டபின் எழுந்த கூவல் அது. ஆதலின், அடுத்த முறை மாணவர் கூடும் திரையின்முன் அமரும்போது, நமது உரையைத் தொடங்குமுன் அவர்களுள் இன்னும் பேசாதவர் யார் என்று தேடுவோம்.