பெட்டியின் மேல் போட்ட ஆண்டுக்கணக்கு

2000-ஆம் ஆண்டில் எப்சன் நிறுவனம் ஸ்டைலஸ் ஃபோட்டோ 870, 1270 என்ற இரண்டு இங்க்ஜெட் பிரிண்டர்களை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஸ்டூடியோப் படத்துக்கு ஈடான வண்ணம் என்பது ஒரு கவர்ச்சி. படம் பத்தாண்டு மங்காது என்ற உறுதி அதைவிடப் பெரிய கவர்ச்சி. வாங்கியவர்களில் பலருக்கு வாய்த்ததோ வேறு. நிறுவனத்தின் பளபளப்புத் தாளிலேயே, நிறுவனத்தின் மையிலேயே அச்சிட்ட படங்கள் சில வாரங்களில் ஆரஞ்சு நிறத்துக்குத் திரும்பின. சிலருக்குச் சில நாட்களே போதுமானதாக இருந்தது. அதே பிரிண்டர், அதே தாள் வைத்திருந்த இன்னொருவர் வீட்டில் ஒரு குறையும் இல்லை. இதுதான் புகார் சொன்னவர்களை அதிகம் குழப்பியது.

காரணம் காற்றில் இருந்தது. வாகனப் புகையும் வெயிலும் சேர்ந்து உண்டாக்கும் ஓசோன், சியான் என்ற நீலச் சாயத்தைச் சிதைத்துவிடும். அந்தத் தாளின் மேற்பூச்சு முழுக்க நுண்துளைகள். மையைச் சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும், அச்சாகி வந்ததுமே கையில் ஒட்டாது. ஆனால் மை இறங்கிய அதே துளைகளில் காற்றும் தாராளமாகப் போய்வரும். சியான் போய்விட்டால் மிஞ்சுவது மெஜந்தாவும் மஞ்சளும். இரண்டும் சேர்ந்தால் ஆரஞ்சு. கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்ட படம் தப்பித்தது. மின்விசிறிக் காற்று படும் சுவரில் வெறுமனே ஒட்டிய படம் முதலில் போனது. இருட்டறையில் வைத்தாலும் காற்று பட்டால் இதே கதிதான்.

அப்படியானால் பத்தாண்டு என்றது பொய்யா? அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. அந்தக் கணக்கு ஒளிச் சோதனையிலிருந்து வந்தது. படத்தைக் கடும் வெளிச்சத்தில் வைத்து, மங்கும் வேகத்தை அளந்து, வீட்டு வெளிச்சத்துக்கு எத்தனை ஆண்டு என்று பெருக்கிச் சொல்வார்கள். சோதனை கேட்ட கேள்விக்கு விடை ஒழுங்காகவே வந்தது. ஆனால் வாங்குகிறவர் கேட்ட கேள்வி அதுவல்ல. தன் வீட்டுச் சுவரில், தன் வீட்டுக் காற்றில் படம் எத்தனை காலம் தாங்கும் என்பதே அவர் கேள்வி. ஒரு கேள்விக்குக் கிடைத்த விடையை இன்னொரு கேள்விக்கு விடைபோல விற்பதில்தான் அறக்கேடு தொடங்குகிறது. அப்படி விற்க ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

ஓசோனைப் பற்றி யாருக்கும் தெரியாது என்ற சமாதானம் பாதிதான் செல்லும். புகைப்படத் துறை இதை எதிர்பார்க்காமல் இருந்திருக்கலாம். துணிச்சாயம் செய்கிறவர்களோ 1950-களிலேயே திரைச்சீலைகள் ஓசோனால் மங்குவதை அறிந்திருந்தார்கள். சாயத்தைக் காற்றுக்குத் திறந்துவைக்கும் தாளைச் செய்பவர், சாயத்தைக் காற்று என்ன செய்யும் என்று ஒரு முறையாவது பார்த்திருக்க வேண்டாமா? அறியாமை மன்னிக்கத் தக்கதுதான். சோதிக்காததையும் சேர்த்து உறுதி சொன்னதை அந்த மன்னிப்புக்குள் அடக்க முடியாது.

வாங்கியவர் பக்கமும் கொஞ்சம் பார்க்கலாம். பளபளப்பு வேண்டும், உடனே காய வேண்டும், விலையும் கட்டுப்படியாக வேண்டும் என்று கேட்டவர்கள் அவர்கள்தான். சாயத்தை மூடிக்கொள்ளும் பூச்சுள்ள தாள்கள் இருந்தன. அவை மெதுவாகக் காயும், ஈரக்கை பட்டால் கெடும். மங்குவதற்கு எளிதில் இணங்காத பிக்மென்ட் மையும் இருந்தது, அதன் வண்ணம் இவ்வளவு எடுப்பாக இராது. எல்லாம் ஒன்றாகக் கிடைக்கும் என்று நம்பியது பேராசை என்று சொல்லலாம். ஆனால் அந்த ஆசைக்குத் தீனி போட்டதே பெட்டியின் மேல் இருந்த எண் என்பதால் இந்தக் குற்றச்சாட்டு எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை.

இதில் மிகவும் மாட்டிக்கொண்டவர் நடுவில் இருந்த புகைப்படக்காரர். தயாரிப்பாளரின் வாக்கை நம்பித் தன் வாடிக்கையாளருக்கு அவர் வாக்குக் கொடுத்தார். ஆரஞ்சாகிப்போன கல்யாணப் படத்தோடு வீட்டுக்காரர்கள் வந்து நிற்பது அவர் வாசலில். அவர்களுக்கு ஓசோனைப் பற்றி வகுப்பெடுக்க முடியாது. பிரிண்டரின் விலையைத் திருப்பித் தந்துவிட்டால் அவர் கணக்கு தீருமா? மறுபடி அச்சிட்டுத் தரலாம். அதற்கும் கார்ட்ரிட்ஜ் அவர்தான் வாங்க வேண்டும், அதுவும் அதே நிறுவனத்திடம். பழுதான வாக்கிலிருந்து வாக்குத் தந்தவருக்கே மறு விற்பனை கிடைக்கும் இந்த ஏற்பாடு யாரும் திட்டமிட்டதாக இல்லாமல் இருக்கலாம். அதற்காக அது நியாயமாகிவிடாது. கண்ணாடி போட்டு மாட்டுங்கள் என்ற அறிவுரையும் இதே வகைதான். நல்ல அறிவுரை, விற்ற பிறகு சொன்னால் பேரத்தின் நிபந்தனையையே மாற்றுவதாகும்.

எப்சனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சில ஆண்டுகள் கழித்து கோடாக் தன் இங்க்ஜெட் தாளுக்கு நூறாண்டுக்கு மேல் என்றது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், கிரின்னெல் ஊரில், படங்கள் மங்குவதைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் நடத்திய ஹென்றி வில்ஹெல்ம், படத்தின் மேல் நாளொன்றுக்கு 12 மணி நேரம் 450 லக்ஸ் வெளிச்சம் படும் என்று வைத்துக் கணக்கிடுவார். கோடாக் வைத்தது 120 லக்ஸ். சராசரி வீட்டில் அவ்வளவுதான் என்பது அதன் வாதம். இந்த ஒரு அளவுகோலை மாற்றினாலே ஒருவரின் நூறாண்டு மற்றவருக்கு ஏறத்தாழ 27 ஆண்டாகச் சுருங்கிவிடும். இரண்டுமே வாதிடத் தக்க அளவுகள்தான். கடையில் நிற்பவர் கண்ணில் படுவதோ எண் மட்டும். லக்ஸ் கணக்கு அவருக்கு எட்டாத ஏதோ அறிக்கையில் கிடக்கும்.

வில்ஹெல்மின் பட்டியல்களில் பின்னாளில் கண்ணாடிக்குள், கண்ணாடி இல்லாமல், இருட்டில், ஓசோன் பட்டால் என்று தனித்தனிக் கணக்குகள் வந்தன. எல்லா நிலையிலும் ஒரே எண் என்ற பாசாங்கு அங்கே குறைந்தது. அந்தச் சோதனைகளுக்குப் பணம் தந்தவர்களும் பெரும்பாலும் தயாரிப்பாளர்களே என்பது தனி உறுத்தல். அவர்கள் அல்லாமல் வேறு யார் தருவார்கள் என்பதும் நியாயமான கேள்விதான். எது எப்படியிருந்தாலும் அந்தக் கணக்குகளில் மிகச் சிறிய எண் எதுவோ அதையே பெட்டியின் முன்பக்கம் பெரிய எழுத்தில் போடச் சொன்னால், எத்தனை நிறுவனங்கள் ஆண்டுக்கணக்கே வேண்டாம் என்று விட்டுவிடும் என்று பார்க்க வேண்டும்.