தோற்கட்டும் என்று வேண்டலாமா?

2025 மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை காலை. கைப்பேசியில் ஆட்டம் முடிந்ததும் எங்கள் புலனக் குழுவில் ஒரே கொண்டாட்டம். "அப்பாடா, தோத்துட்டாங்க!" "இன்னும் கொஞ்சம் தோத்தா போதும்டா!" நானும் கைதட்டும் படம் ஒன்றை அனுப்பினேன். எதிரே பசியாறிக்கொண்டிருந்த அப்பா கேட்டார்.

"யாருப்பா ஜெயிச்சது?"

"எதிர் டீம்பா."

"அப்ப உங்க டீம்?"

"தோத்துருச்சு."

அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அதுக்கா இவ்ளோ சந்தோஷம்?"

விளக்கிச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே எனக்கு வார்த்தை வரவில்லை. அந்தக் கேள்வியைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன், நண்பர்களே.

எங்கள் அணி அமெரிக்க என்பிஏ கூடைப்பந்தில் ஆடும் ஃபிலடெல்ஃபியா சிக்சர்ஸ். 2024 கோடையில் நான்கு ஆண்டுக்கு 212 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தில் பால் ஜார்ஜ் வந்து சேர்ந்தார். ஜோயல் எம்பீட், டைரீஸ் மேக்சி ஏற்கெனவே இருந்தார்கள். இந்த முறை கிண்ணம் நமக்குத்தான் என்று நம்பினோம். நடந்தது வேறு. 82 ஆட்டங்களில் எம்பீட் ஆடியது 19. ஜார்ஜ் 41, மேக்சி 52. நன்றாக ஆட ஆரம்பித்த புதுமுகம் ஜாரெட் மெக்கெய்னும் 23 ஆட்டத்தோடு முழங்கால் காயத்தில் உட்கார்ந்துவிட்டார். மூன்று நட்சத்திரங்களும் ஒன்றாகக் களமிறங்கியது 15 ஆட்டங்களில் மட்டுமே. முடிவில் 24 வெற்றி, 58 தோல்வி.

பிறகு ஏன் கொண்டாட்டம்? அங்கே அப்போது ஒரு விதி இருந்தது. இறுதிக்கட்டப் போட்டிகளுக்குத் தகுதி பெறாத 14 அணிகளுக்கும் குலுக்கல் நடக்கும். எவ்வளவு மோசமாகத் தோற்றாயோ, அவ்வளவுக்குப் புதிய இளம் வீரரை முன்னதாகத் தேர்வு செய்யும் வாய்ப்பு கூடும். எங்களுக்கு இன்னொரு நெருக்கடியும் இருந்தது. பழைய வீரர் பரிமாற்றம் ஒன்றின் கடனாக, எங்கள் தேர்வு முதல் ஆறு இடங்களுக்குள் வராவிட்டால் அது ஒக்லஹோமா சிட்டி அணிக்குப் போய்விடும். அதனால்தான் "தோற்கட்டும், இன்னும் தோற்கட்டும்" என்று வேண்டினோம்.

எங்கள் குழுவில் கணக்குப் படித்த நண்பன் ஒருவன் இதை நன்றாகவே வாதாடுவான். "எப்படியும் கிண்ணம் கிடையாது. நாம வேண்டுறதால பந்து உள்ள போகாம இருக்கப் போறதில்ல. யாருக்கும் நஷ்டமில்ல. அடுத்த வருஷத்தை யோசிக்கிறது புத்திசாலித்தனம்தானே?"

லேசில் தள்ளிவிட முடியாத வாதம் இது. அதோடு, காயம்பட்டவர்களுக்கு ஓய்வு கொடுப்பது தவறே இல்லை. உடம்பைக் காப்பதும் தர்மம்தான். ஆனால் ஆடக்கூடியவர்களை வேண்டுமென்றே உட்கார வைப்பது வேறு. 2023 ஏப்ரலில் டல்லாஸ் அணி அப்படிச் செய்ததற்காக என்பிஏ நிர்வாகமே 750,000 டாலர் அபராதம் விதித்தது.

நிர்வாகத்தை விடுவோம். வெறும் ரசிகனாக நான் மனத்தில் வேண்டியதில் என்ன தவறு?

குவென்டின் கிரைம்ஸை நினைத்துப் பார்க்கிறேன். பிப்ரவரியில் டல்லாஸிலிருந்து மாற்றி அனுப்பப்பட்டவர். அந்தப் பருவத்தோடு அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. பெரிய வீரர்கள் இல்லாததால் வாய்ப்பு அவருக்கு வந்தது. கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸுக்கு எதிராக 44 புள்ளிகள் எடுத்தார். தொடர்ந்து ஒன்பது ஆட்டம் தோற்றிருந்த அணி அன்று ஜெயித்தது. எங்கள் குழுவில் வந்த முதல் செய்தி என்ன தெரியுமா? "இவன் ஏன்டா இப்ப போய் நல்லா ஆடுறான்?"

ஒரு மனிதன் தன் பிழைப்புக்காக, தன் பெயருக்காக உயிரைக் கொடுத்து ஆடுகிறான். அவனுடைய ரசிகர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நாங்கள் அவன் நன்றாக ஆடியதற்கு எரிச்சல்படுகிறோம். அவனுக்கு இது தெரியப் போவதில்லை, அவனுக்கு நஷ்டமும் இல்லை. ஆனால் எனக்கு?

மனம், வாக்கு, காயம் என்று மூன்று வழியிலும் வினை சேரும் என்றுதான் சமய வகுப்பில் படித்திருக்கிறோம். கையால் செய்யாததால் மட்டும் ஒன்று இல்லை என்றாகிவிடாது. அடுத்தவன் உழைப்பு வீணாகட்டும் என்று நினைத்துப் பழகிய மனம், கைப்பேசியை அணைத்ததும் மாறிவிடுமா?

கர்ம யோகம் பற்றியும் பேசுகிறோம். பலனில் பற்று வைக்காமல் கடமையைச் செய் என்பது அதன் சாரம். நாங்கள் வேண்டியது அதற்கு நேர் தலைகீழ். பலன் வேண்டும், அதற்காகக் கடமை கெட்டாலும் பரவாயில்லை என்பது. அந்தப் பலனாவது நிச்சயமா? எம்பீடே இப்படித் தோற்ற ஒரு பருவத்துக்குப் பிறகு 2014இல் மூன்றாவது தேர்வாகக் கிடைத்தவர்தான். 2015-16இல் சிக்சர்ஸ் பத்தே ஆட்டம் ஜெயித்து 72 தோற்றது, அதுவும் எதிர்காலத்துக்காகத்தான். எம்பீட் 2023இல் ஆண்டின் சிறந்த வீரரானார். ஆனால் அவர் வந்ததிலிருந்து 2025 வரை இறுதிக்கட்டப் போட்டிகளில் அணி ஒருமுறைகூட இரண்டாம் சுற்றைத் தாண்டவில்லை.

அந்த எம்பீடைப் பற்றி நாங்கள் பேசியதைத்தான் இன்னும் எழுதக் கூசுகிறது. "கண்ணாடி" என்று பெயர் வைத்தோம். சம்பளம் வாங்கிக்கொண்டு நடிக்கிறான் என்றோம். 2024இல் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு திரும்பி வந்து, முகத்தின் ஒரு பக்கம் வாதத்தால் செயலிழந்த நிலையிலும் நியூயார்க்குக்கு எதிராக 50 புள்ளிகள் எடுத்தவர் அவர். அன்று "சிங்கம்டா!" என்று எழுதியதும் நாங்கள்தான்.

இது ஏதோ தூரத்து வீரரோடு முடிந்துவிடுகிற பழக்கம் இல்லை. போன ஆண்டு எங்கள் தாமானில் நடந்த கூடைப்பந்துப் போட்டியில் என் நண்பனுக்குக் கணுக்கால் வீங்கியிருந்தது. "வேணாம்டா, வலிக்குது" என்றான். "ஒரு ஆட்டம்தானே, சமாளிடா" என்று தள்ளிவிட்டவன் நான். அந்த ஆட்டத்துக்குப் பிறகு மூன்று வாரம் அவன் ஒழுங்காக நடக்கவில்லை. அங்கே அடிபட்டவனைத் திட்டினேன், இங்கே அடிபட்டவனை ஆட வைத்தேன். இரண்டிலும் எனக்கு அந்த ஆள் முக்கியமில்லை. என் சந்தோஷத்துக்கு அவன் உதவுகிறானா என்பதுதான் முக்கியமாக இருந்தது.

மே மாதக் குலுக்கலில் எங்களுக்கு மூன்றாம் இடம் கிடைத்தது. பஹாமாஸிலிருந்து வந்த 19 வயது வி. ஜே. எட்ஜ்கோம்ப் தேர்வானார். அக்டோபரில் தன் முதல் ஆட்டத்திலேயே பாஸ்டனுக்கு எதிராக 34 புள்ளிகள். "பாத்தியா, வேண்டுனது வீண்போகல!" என்றான் கணக்கு நண்பன்.

வீண்போகவில்லை, சரி. ஆனால் அந்தத் தேர்வு எங்களிடம் தங்க இருந்த வாய்ப்பே ஏறக்குறைய 64 விழுக்காடுதான். பந்துகள் வேறு மாதிரி விழுந்திருந்தால் தேர்வும் போயிருக்கும். அப்போது நாங்கள் வேண்டியது தவறு என்று ஆகியிருக்குமா? குலுக்கல் முடிவைப் பார்த்து நல்லது கெட்டதைத் தீர்மானிக்க முடியாது. செய்தபோது மனம் எப்படி இருந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அந்தக் கோடையில் அணிக்கு என்ன தேவை என்று நாங்களும் நிறையப் பேசினோம். யாபுசேலே நியூயார்க்குக்குப் போய்விட்டார், அந்த இடத்துக்கு உயரமான, உடல்பலமுள்ள ஒருவர் வேண்டும். எம்பீட் ஆடாத நாளில் வளையத்துக்குக் கீழே நிற்க ஒருவர் வேண்டும். இப்படி யோசிப்பதில் தவறில்லை. திட்டமிடுவது நிர்வாகத்தின் கடமை, அதைப் பற்றிப் பேசுவது ரசிகனின் உரிமை. ஆனால் ஆட்டம் தொடங்கி ஐந்து பேர் களத்தில் இறங்கிவிட்டால், அவர்கள் ஜெயிக்கட்டும் என்றுதான் இனி நினைப்பேன். அவர்கள் யாராக இருந்தாலும் சரி, பட்டியலில் எந்த இடத்தில் இருந்தாலும் சரி.

இன்னொன்றும் முடிவு செய்திருக்கிறேன். அடிபட்டவனிடம் "எப்ப ஆடுவே?" என்று கேட்பதற்கு முன்னால் "எப்படிடா இருக்கு?" என்று கேட்பது. என் நண்பனிடம் அதைத் தாமதமாகத்தான் கேட்டேன். "இப்பவாவது கேட்டியே" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை வாங்கிக்கொள்ள எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.