வயல் நம்முடையது, தவளை யாருடையது?



சென்ற ஞாயிறு பூசை முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, நம் பங்கின் விவசாயி ஒருவர் என்னிடம் கேட்டார்: "சாமி, வயலுக்கு மருந்து அடிக்கிறேன். புழுவோடு தவளையும் சாகிறது, நண்டும் செத்து மிதக்கிறது. இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேணுமா?" பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடனே பதிலும் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அந்த யோசனையை உங்கள் எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நமக்கு உரிமை இல்லை. 1960-ல் தஞ்சை மாவட்டத்தில் தீவிர சாகுபடித் திட்டம் தொடங்கியது. 1966-ல் ஐ.ஆர்.8 என்னும் குட்டை நெல் வந்தது. அந்த நெல் நிறைய உரம் கேட்டது. உரத்தின் பின்னே பூச்சி வந்தது. பூச்சியின் பின்னே மருந்து வந்தது. ஆனால் களத்தில் நெல் குவிந்தது என்பதும் மெய்யே. ரேஷன் அரிசி தின்று வளர்ந்தவர்கள் நாம். நானும் அதில் ஒருவன்.

ஆனால் நம்மைச் சற்று நிறுத்தும் பாடம் ஒன்றைக் குருமடத்தில் கற்பித்தார்கள். ஒரே செய்கையால் நன்மையும் தீமையும் விளையுமானால், தீமையை நாம் விரும்பாதிருந்தால் மட்டும் போதாது. அந்த நன்மையை அடையக் கேடு குறைந்த வேறு வழி இருக்கக் கூடாது. நன்மையும் தீமைக்கு ஈடாயிருக்க வேண்டும். "தவளையைக் கொல்ல நான் நினைக்கவில்லையே" என்பது பாதி வழக்குத்தான். மற்றப் பாதி, கொல்லாமல் முடியுமா என்பது.

இதற்குப் புகையானை விடச் சரியான சாட்சி எனக்குத் தெரியவில்லை. அது தண்ணீருக்குச் சற்று மேலே தூரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். வயல் வட்டம் வட்டமாகத் தீய்ந்து போகும். தன் முட்டையை இலையுறைக்குள்ளே செருகி வைக்கிறது. மேலே அடிக்கும் மருந்து முட்டையைத் தொடுவதில்லை. தூரில் உலாவும் சிலந்தியையோ தவறாமல் கொல்கிறது. சில நாளில் முட்டை பொரிந்து குஞ்சுகள் வெளியே வரும்போது அவற்றைத் தின்ன ஆளில்லை. உடையவன் மறுபடி தெளிப்பானைத் தூக்குகிறான். இந்தோனேசியாவில் ஜாவா தீவில் இந்த அவதி கண்டு, 1986-ல் அரசாங்கம் 57 மருந்துகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாதென்று தடுத்தது. பூச்சிமருந்துக்குக் கொடுத்த மானியத்தையும் பிறகு நிறுத்தியது. நாட்டில் மருந்து குறைந்தது. நெல் விளைச்சல் குறையவில்லை, கூடிற்று. ஆகவே அங்கே செத்த சிலந்திகளில் பெரும்பாலானவை சோற்றுக்காகச் சாகவில்லை. வீணாகச் செத்தன.

(நம் நாட்டிலும் தவளைக் காலை வெட்டிக் கப்பலேற்றி, 1987-ல்தான் அதைத் தடை செய்தோம். கூலி கேளாமல் பூச்சி தின்றவனை விற்றுவிட்டு, காசு கொடுத்து விஷம் வாங்கினோம். அதற்கு "மருந்து" என்று பெயரும் வைத்தோம்.)

சரி, தவளையால் நமக்கு லாபமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது கொல்லலாமா? உபாகமம் 22-ம் அதிகாரத்தில் ஒரு சிறு கட்டளை இருக்கிறது: வழியில் பறவைக்கூட்டைக் கண்டால் குஞ்சுகளை எடுத்துக்கொள்ளலாம், தாயை விட்டுவிட வேண்டும். அந்தப் பறவை மனிதனுக்கு உபயோகமா என்று அங்கே கேட்கவில்லை. எடுக்கலாம், அடியோடு எடுக்கக் கூடாது. பட்டா நிலத்துக்கு உண்டு. அதில் குதிக்கும் ஜீவனைப் படைத்தவர் நம் பெயருக்கு எழுதிக் கொடுக்கவில்லை.

இன்னொன்றும் என் மனதை அதிகம் உறுத்துகிறது. கூலிக்கு நடவு நட்ட பெண் மாலையில் மடியில் நாலு நண்டும் நத்தையும் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவாள். வாய்க்காலில் கெளுத்தி பிடிப்பார்கள். நிலத்துக்காரர் யாரும் அதற்கு விலை கேட்டதில்லை. நிலமில்லாத வீட்டுக்குக் கறி அதுதான். நண்டு செத்தபோது அவள் குழம்பிலிருந்தும் ஒன்று போயிற்று. அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தவளையைப் பற்றிய கேள்வி என்று தொடங்கினோம், அயலானைப் பற்றிய கேள்வியில் வந்து நிற்கிறோம்.

ஆகையால் அந்த விவசாயிக்கு என் பதில் இது. மருந்து அடித்தது பாவமா என்று கேட்காதீர். அடிக்குமுன் வயலில் இறங்கித் தூரை விலக்கிப் பார்த்தீரா, கடைக்காரர் சொன்ன நாளுக்கு அடித்தீரா? கடைக்காரரிடம் கடன் இருக்கிறது, அவர் சொல்லைத் தட்ட முடியவில்லை என்றால் அந்தப் பாரம் உமக்கு மாத்திரம் அல்ல. புள்ளியில்லாத அரிசிதான் வேண்டும் என்று கேட்கும் எங்களுக்கும் அதில் பங்கு உண்டு.

இதை அவரிடம் நேரில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "தூரைப் பார்த்து ரொம்ப நாளாச்சு சாமி" என்றார். வியாழன் காலை வெயில் ஏறுமுன் அவர் வயலுக்குப் போகிறோம். ஒரு தூருக்குப் புகையான் எத்தனை, சிலந்தி எத்தனை என்று எண்ணிப் பார்க்க. வர விரும்புகிறவர்கள் ஆறு மணிக்குக் கோயில் வாசலில் நிற்கலாம்.