காளத்தியில் தடுத்த கரம்

பஞ்சபூத ஸ்தலங்களுள் வாயுவுக்கு உரியதாகிய, காளத்தி என்னும் காளஹஸ்தியில், காற்று வரும் வழி புலப்படாத கர்ப்பக்கிருகத்துக்குள்ளே தீபச்சுடர் ஆடிக்கொண்டிருப்பதைத் தரிசித்தவர்கள், நம்முள் பிராணனாய் இயங்குவதும் அந்த வாயுவே என்று பெரியோர் கூறியதன் பொருளை உணர்வார்கள். உயிரைத் தாங்கும் அதே வாயுவை மனிதன் தன் வேக மோகத்துக்குக் கருவியாக்கும்போது, அது அவன் தேகத்தையே உலுக்கிவிடுகிறது.

2022ஆம் ஆண்டில் ஃபார்முலா ஒன் பந்தய வண்டிகளின் அமைப்பு மாற்றப்பட்டு, அடித்தளத்துக்கும் தரைக்கும் இடையே விரைந்தோடும் காற்றின் அழுத்தம் குறைவதால் வண்டி தரையோடு ஈர்த்துப் பிடிக்கப்படுமாறு செய்யப்பட்டது. அடித்தளம் தரையை மிக நெருங்கியதும் காற்றோட்டம் தடைப்பட்டு, ஈர்ப்புத் தளர்ந்து, வண்டி எழும்பியது. எழும்பியதும் காற்று மீண்டும் பாய்ந்து அதைக் கீழே இழுத்தது. நேர்ச்சாலையில் இந்த ஆட்டம் விநாடிக்குப் பலமுறை நிகழ்ந்தது. அமர்ந்திருக்கும் மனித சரீரமோ, விநாடிக்கு 4 முதல் 8 தடவை மேலும் கீழும் ஆடும் அதிர்வோடு ஒத்திசைந்து அதைத் தனக்குள்ளே பெருக்கிக்கொள்ளும் இயல்புடையது. ஆதலால் முதுகெலும்பின் இடைத்தட்டுகள் ஓயாமல் அழுந்துகின்றன, தசைகள் இறுகிக் களைக்கின்றன, பார்வையும் கலங்குகிறது. அவ்வாண்டு ஜூன் 12ஆம் தேதி, பாகு நகரத்துப் பந்தயம் முடிந்ததும், ஏழு முறை உலக வாகை சூடிய லூயிஸ் ஹாமில்டன் முதுகைப் பிடித்துக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கியதை உலகம் கண்டது.

ஒருவன் தானே விரும்பி ஏற்ற துன்பத்தைப் பிறர் தடுப்பது தர்மமாகுமா? இக்கேள்விக்குக் காளத்தி மலையிலேயே விடை உண்டு. இறைவன் கண்ணில் உதிரம் பெருகக் கண்டு, தன் கண்ணொன்றைப் பெயர்த்து அப்பிய, கண்ணப்பர் என்று போற்றப்படும் வேடர் திண்ணன், மற்றக் கண்ணையும் பெயர்க்க முற்பட்டபோது, அவர் கையைப் பிடித்துத் தடுத்தவர் காளத்திநாதரே என்று பெரியபுராணம் சொல்கிறது. கண்ணப்பருடைய அன்பைப் போற்றும் நாம், தடுத்த அக்கரத்தைப் போதுமான அளவு சிந்தித்தோமில்லை. கொடுப்பவனுடைய அன்புக்கு எல்லை இராது. ஆதலால் எல்லையை வகுக்க வேண்டியவன், அத்தியாகத்தை ஏற்றுக்கொள்பவன்.

வண்டியைச் சற்று உயர்த்திக்கொண்டால் அதிர்வு தணியுமே, அது அந்தந்த அணியின் பொறுப்பு என்று சிலர் வாதித்தனர். உயர்த்தினால் வேகம் குறையும். வெற்றியையும் முதுகெலும்பையும் எதிரெதிரே வைத்து, ஒன்றைத் தேர்ந்துகொள் என்று வீரனிடம் சொன்னால் அவன் வெற்றியையே தேர்வான். ஆகவே பந்தயத்தை ஆளும் சர்வதேச சம்மேளனம் தானே முன்வந்து, அதிர்வை அளந்து, அதற்கு ஒரு வரம்பு விதித்து, அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்துப் பெல்ஜியம் பந்தயம் முதல் அதை அமலாக்கியது நியாயமே.

ஆனால் புகழுக்காக அல்லாமல் பசிக்காக, நாயுடுப்பேட்டையிலிருந்து காளஹஸ்தி வழியே ரேணிகுண்டாவுக்குப் பாரம் ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநரும், வயலில் பொழுதெல்லாம் டிராக்டர் மேல் அமர்ந்திருக்கும் உழவரும் இதே அதிர்வைப் பல்லாண்டுகள் தாங்குகின்றனர். ஐரோப்பிய நாடுகள் 2002ஆம் ஆண்டிலேயே, தொழிலாளியின் உடல் ஒரு நாளில் ஏற்கத்தக்க அதிர்வுக்குச் சட்டத்தால் வரம்பு வகுத்தன. பிறருடைய உழைப்பை ஏற்று வாழும் முதலாளிகளும் அரசும், நல்ல இருக்கையும், செம்மையான சாலையும், போதிய ஓய்வும் அளிப்பதைத் தயையென்று எண்ணாமல் கடமையென்று கொள்ள வேண்டும். காளத்திநாதரைத் தொழுகின்றவர், அவர் தடுத்ததைத் தாமும் தடுக்கக் கடமைப்பட்டவர்.