ஒப்பிடுக என்னும் வினா

பள்ளித் தமிழ்த் தேர்வில் 'ஒப்பிட்டு எழுதுக' என்றொரு வினா வருவதுண்டு. மாணவர் பலர் உரைநூலில் கண்ட விடையை அப்படியே ஒப்பித்துவிடுகின்றனர். ஒப்பிடுதலுக்கும் ஒப்பித்தலுக்கும் ஓரெழுத்துத்தானே வேறுபாடு! ஆயினும் இவ்வினாவுக்கு மெய்யாகவே விடை எழுதப் புகுபவன் நீதிபதியின் இருக்கையில் அமர்கிறான்.

முத்துப்பேட்டையை எண்ணிப் பாருங்கள். நெல்வயல்கள் முடிந்து அலையாத்திக் காடுகள் தொடங்கும் ஊர். மும்மதப் பிள்ளைகளும் அருகருகே வாழும் ஊர். கம்பராமாயணம், 17ஆம் நூற்றாண்டின் சீறாப்புராணம், 1726இல் நிறைவுற்ற தேம்பாவணி ஆகிய மூன்றின் நாட்டுப் படலங்களை ஒப்பிடுமாறு அவர்களைக் கேட்டால் என்ன நிகழும்? தேரழுந்தூரில் பிறந்த கம்பர், சரயு பாயும் கோசலத்தைக் காவிரி நாடாகவே காட்டுகிறார். உமறுப் புலவரின் அரபு நாட்டிலும், வீரமாமுனிவரின் யூதேயாவிலும் மழை பொழிந்து மருத நிலம் செழிக்கிறது. நம் பங்குப் பிள்ளை ஒருவன், "பாலையில் ஏது வயல்?" என்று உமறுவை நகைக்கக்கூடும், யூதேயாவின் பெரும்பகுதியும் வறள்நிலமே என்பது அவனுக்குத் தோன்றாது. இன்னொருவன், "கம்பரைப் பார்த்து எழுதியவர்" என்று முனிவரைத் தள்ளிவிடுவான். இரண்டுமே அநீதி. மலை, கடல், நாடு, நகர் ஆகியவற்றின் வருணனை பெருங்காப்பியத்துக்கு உரியது எனத் தண்டியலங்காரம் வகுத்துள்ளது. கம்பருக்கு முன்பே சமண முனிவர் திருத்தக்கதேவர் சிந்தாமணியில் நாட்டு வளம் பாடியிருக்கிறார். பொதுச் சொத்தை எடுத்தாண்டவரைக் களவாடியவர் என்னலாமா?

இப்பூசலுக்கு அஞ்சி, "மூன்றும் சமம் என்று எழுதி முடித்துவிடு" எனக் கற்பிப்பாரும் உளர். நல்லெண்ணந்தான். எனினும், படிக்காமலே வழங்கும் சமநிலையை மரியாதை என்று நான் ஏற்பதற்கில்லை. அயலான் வீட்டுக்குள் காலடி வையாமல், வாசலில் நின்றே "நல்ல வீடு" என்று சொல்லிப் போவதைப் போன்றது அது.

உள்ளே நுழைந்தால் வேறுபாடு தானே புலப்படும். சிந்தாமணியை அருகில் வைத்துக் கம்பரைப் படியுங்கள். தேவரின் பார்வை நெற்கதிரில் நிலைக்கிறது. இளங்கதிர், செல்வம் வந்த சிறியோரைப்போல் தலை நிமிர்ந்து நிற்கிறது. மணி முற்றியதும் கற்றவரைப்போல் தலை வணங்குகிறது. சம்பா வயலின் வரப்பில் நடந்து பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு இதற்கு உரை வேண்டுமோ? கம்பரோ பயிரைக் கடந்து ஊரையே பார்க்கிறார். கோசலத்தில் வறுமை இல்லை. ஆகவே அங்கே வள்ளன்மைக்கும் இடமில்லை என்கிறார். தேவர் தேடுவது மனிதனின் பணிவை. கம்பர் கனவு காண்பது, கொடுப்போரும் கொள்வோரும் இல்லாத ஒரு சமுதாயத்தை.

கோவிலில் தரும உண்டியல் வைத்திருக்கும் என் போன்றோரைக் கம்பரின் கூற்று சற்றுச் சங்கடப்படுத்துகிறது. ஈகையைப் புண்ணியமாகப் போற்றும் மும்மதப் பிள்ளைகளும் இவ்விடத்தில் ஒன்றுகூடி அவரோடு வழக்காடலாம். அன்றி, பசியே இல்லாத ஊரில் நமக்கு அந்தப் புண்ணியம் எதற்கு என்று அவர் பக்கமே சேர்ந்துகொள்ளலாம். அதற்கு எத்தனை மதிப்பெண் என்பதை விடைத்தாள் திருத்துபவர் முடிவு செய்யட்டும்.