உடைமையும் நுகர்ச்சியும்: பழைய விரியலாக்கி ஒன்றை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

மனிதன் பொருள்களை உடையவனாக இருக்கின்றான். அப்பொருள்களை நுகர்பவனாகவும் இருக்கின்றான். இவ்விரண்டும் ஒன்றே எனப் பொதுவாகக் கருதப்படுவதுண்டு. உணவை உடையவன் உண்கின்றான். ஆடையை உடையவன் உடுக்கின்றான். ஆயின் உடைமையும் நுகர்ச்சியும் எப்பொழுதும் ஒருங்கே செல்வனவல்ல. நூல்களை வாங்கி அடுக்கிவைத்து, அவற்றுள் ஒன்றையேனும் விரித்துப் பாராதோர் உளர். இரவல் நூலைப் படித்துப் பெரும்பயன் கொண்டோரும் உளர். உடைமை எவ்வளவிற்கு நுகர்ச்சிக்குத் துணையாகின்றது? எவ்விடத்தில் அதற்குப் பகையாகின்றது? நுகர்ச்சியில் எழும் இன்பம் பிழையான நம்பிக்கையொன்றின்மீது எழுந்ததாயின், அவ்வின்பத்துக்கு மதிப்பு உண்டா? இவ்வினாக்களைப் பொதுப்பட ஆராய்வதிலும் பார்க்க, குறித்த ஒரு பொருளை முன்வைத்து ஆராய்வது தெளிவு தரும். பேச்சு வழக்கில் அம்பிளிபயர் எனப்படும் ஒலி விரியலாக்கி அத்தகைய ஒரு பொருளாகும். அதிலும், செய்யப்பட்டு அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்த பின்னரும் விரும்பி வாங்கப்பட்டும் பேணப்பட்டும் வரும் பழைய ஸ்ரீரியோ விரியலாக்கி இவ்வாராய்ச்சிக்குப் பெரிதும் ஏற்றது.

ஏற்றது என்பதற்குக் காரணம் உண்டு. இசைத்தட்டின் தவாளிப்பிலே ஊசி அசைகின்றபோது பிறக்கும் மின்குறி மிக நுண்ணியது. ஒலிபெருக்கியை இயக்கும் வலிமை அதற்கு இல்லை. அந்நுண்ணிய குறியை, அதன் வடிவம் சிதையாவண்ணம் வலுப்படுத்திக் கொடுப்பதே விரியலாக்கியின் தொழில். வீணைக்குத் தனக்கெனக் குரல் உண்டு, வயலினுக்கும் உண்டு. விரியலாக்கிக்கு அவ்வாறு ஒரு குரல் இருப்பின் அது குறையேயாகும். தன் சொல்லைக் கலவாது செய்தியைச் சேர்ப்பிக்கும் தூதுவனைப் போல, பெற்றதைத் திரிக்காது பெருக்கிக் கொடுத்தலே அதன் நிறைவு. எனவே விரியலாக்கியொன்றை விரும்புவதில் ஒரு முரண் அடங்கியுள்ளது. தன்னைப் புலப்படுத்தாமையையே சிறப்பாகக் கொண்ட பொருளொன்றை, அதன் தனித்தன்மைக்காக ஒருவர் விரும்புகின்றார்.

இம்முரணை விளக்குவதற்கு, இங்கிலாந்தின் ஹன்ரிங்டன் நகரில் விரியலாக்கிகளைச் செய்த குவாட் நிறுவனத்தின் வரலாறு பொருத்தமானது. பீற்றர் வோக்கர் என்பவர் 1936ஆம் ஆண்டு தொடங்கிய நிறுவனம் அது. அதன் புகழ்பெற்ற குவாட் 2 என்னும் வால்வு விரியலாக்கி 1953இல் வெளிவந்தது. கே.ரி. 66 எனப்படும் இரு வெளியீட்டு வால்வுகளைக் கொண்டு 15 உவாற்று வலுவைத் தருவது அது. ஸ்ரீரியோ இசைத்தட்டுகள் சந்தைக்கு வந்ததன் பின்னர், குவாட் 22 என்னும் கட்டுப்பாட்டு அலகோடு இத்தகைய இரண்டு இணைக்கப்பட்டு வீடுகளிற் பயன்படலாயின. 1967இல் திரான்சிஸ்ரர்களால் இயங்கும் 303 என்னும் விரியலாக்கியும், 1975இல் 405 என்னும் விரியலாக்கியும் அதே நிறுவனத்தால் வெளியிடப்பட்டன. 'குவாட்' என்னும் பெயர், வீட்டுப் பயன்பாட்டுக்குரிய தரமான விரியலாக்கி அலகு எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளாலானது என்பதும் இங்கு மனங்கொள்ளத்தக்கது.

இன்று குவாட் 2 இரட்டையொன்றை உடையவரிடம் அதன் சிறப்பு யாதென வினவினால், அதன் ஒலியில் உள்ள இனிமையையும் இதத்தையுமே முதலிற் குறிப்பிடுவார். ஆயின் அதனை ஆக்கியவரின் நோக்கு வேறாக இருந்தது. அவ்விரியலாக்கியை வடிவமைத்துச் செய்து சந்தைக்கு அனுப்பியபோது, அதனை உண்மையில் தாம் செவிமடுத்துப் பார்த்ததே இல்லை என வோக்கர் பிற்காலச் செவ்வியொன்றிற் கூறியுள்ளார். அளவீடுகள் செம்மையாக இருப்பின் செவிமடுத்துத் தீர்ப்பதற்கு எதுவும் இல்லை என்பதே அவர் நிலைப்பாடு. தமக்கென ஓர் இனிமை உடைய கருவியை அவர் செய்ய விரும்பவில்லை. எவ்வித இயல்பும் அற்ற கருவியையே செய்ய விரும்பினார்.

இதனை ஒரு சோதனையும் வலியுறுத்திற்று. குவாட் 2, 303, 405 ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு ஜேம்ஸ் மொயர் என்னும் ஒலியியல் அறிஞர் நடத்திய கேட்டற் சோதனை பற்றிய கட்டுரை 1978இல் 'வயர்லெஸ் வேர்ல்ட்' என்னும் ஆங்கிலச் சஞ்சிகையில் வெளிவந்தது. இயங்குவது எது என்பது கேட்போருக்கு மறைக்கப்பட்டிருந்தது. தற்செயலாக ஊகிப்பதிலும் மேலாக, வால்வினின்று திரான்சிஸ்ரரைப் பிரித்தறிய அவர்களால் இயலவில்லை. குவாட் நிறுவனமே இச்சோதனையின் பின்னணியில் இருந்தது என்பதையும், தனது புதிய பண்டமும் பழைய பண்டமும் ஒன்றுபோல ஒலிப்பனவே எனக் காட்டிய முடிவை அது மறைக்கவில்லை என்பதையும் குறிப்பிடுதல் தகும்.

இம்முடிவை மிகைப்படுத்துதலும் தவறு. எல்லா விரியலாக்கிகளும் ஒன்றுபோல ஒலிப்பன என்று இச்சோதனை நிறுவவில்லை. செம்மையாக வடிவமைக்கப்பட்டுத் தம் வலுவெல்லைக்குள் இயக்கப்படும் விரியலாக்கிகளிடையே வேறுபாடு காண்பது அரிது என்பதையே அது காட்டிற்று. ஒலியைத் திரித்து, அத்திரிபினால் இனிமை பயக்கும் வால்வு விரியலாக்கிகளும் உள்ளன. ஆயினும் வினா எஞ்சியே நிற்கின்றது. கண்ணை மூடியபோது அறியப்படாத இனிமை, கண்ணைத் திறந்து வால்வுகளின் செந்நிற ஒளியைக் காணும்போது செவியில் நிறைகின்றதாயின், உடையவர் நுகர்வது எதனை?

இதற்கு இருவகையான விடைகள் இறுக்கப்படலாம். அவ்வின்பம் வெறும் மயக்கமே, ஆதலின் மதிப்பற்றது என்பது ஒன்று. காரணம் எதுவாயினும் இன்பம் இன்பமே. அனுபவிப்பவருக்கு அது உண்மையாயின் பிறர் அதனைக் குறைகூறல் ஆகாது என்பது மற்றொன்று. பின்னையது பெந்தம் முதலிய பயன்பாட்டுவாதிகளின் நோக்குக்கு அணித்தானது. இன்பத்தின் அளவையே கருத்திற்கொண்ட அவருக்கு, அதன் ஊற்று எதுவென்பது முதன்மையானதன்று.

பின்னைய விடை பெருந்தன்மையானதாகத் தோன்றினும் அதனை முற்றாக ஏற்றல் அரிது. 1974இல் வெளிவந்த நூலொன்றில் றொபேட் நொசிக் என்னும் அமெரிக்க மெய்யியலாளர், வேண்டிய அனுபவங்களையெல்லாம் மூளையில் எழுப்பவல்ல பொறியொன்றைக் கற்பனை செய்தார். அப்பொறியோடு வாழ்நாள் முழுவதும் தம்மைப் பிணைத்துக்கொள்ளப் பெரும்பாலார் உடன்படார் என்பது அவர் வாதம். அனுபவம் மாத்திரமன்றி, அவ்வனுபவம் உண்மையோடு கொண்டுள்ள தொடர்பும் மனிதருக்கு வேண்டப்படுகின்றது என்பதே அதன் உட்கிடை. பழைய விரியலாக்கியை விரும்புபவரும் இதற்கு விலக்கல்லர். அவர் "எனக்கு இன்பமாக இருக்கின்றது" என்று மாத்திரம் கூறுவதில்லை. "இது நன்றாக ஒலிக்கின்றது" என்கின்றார். முன்னையது உணர்வின் வெளிப்பாடு. பின்னையது உலகைப் பற்றிய கூற்று. உலகைப் பற்றிய கூற்று பிழையாகவும் கூடும்.

அக்கூற்று பிறரிடம் செல்லும்போது சிக்கல் மேலும் கூர்மையடைகின்றது. இசை கேட்கத் தொடங்கும் இளைஞன் ஒருவன், பணம் சேர்த்து விரியலாக்கியொன்றை வாங்க எண்ணி, அனுபவசாலியிடம் அறிவுரை கேட்கின்றான் எனக் கொள்வோம். புதியன எவையும் பழையதற்கு ஈடாகா என அவர் உறுதிகூறுகின்றார். மறைத்துவைத்துக் கேட்டால் தம்மாலும் பிரித்தறிய இயலாதென்னும் ஐயம் அவர் உள்ளத்தில் உண்டு. ஆயினும் அதனை அவர் சோதிக்க விரும்புவதில்லை. அவ்விளைஞன் தன் தகுதிக்கு மீறிய விலையைக் கொடுக்கின்றான். தனிமனிதரின் இனிய மயக்கமாக இருந்தது இவ்விடத்தில் மற்றொருவரின் இழப்பாகின்றது. அறியாது கூறும் பிழை மன்னிக்கத்தக்கது. அறிய வாய்ப்பிருந்தும், அறிந்தால் இன்பம் குறையுமே என்று அறியாதிருத்தல் அத்துணை எளிதில் மன்னிக்கத்தக்கதன்று.

அவ்வாறாயின் முதலாவது விடையே சரியானதா? அதுவும் அன்று. உடையவரின் இன்பம் முழுவதும் ஒலி பற்றிய நம்பிக்கையில் தங்கியுள்ளது என்று அவ்விடை கருதுவதே அதன் குறை. அவ்வின்பத்தைப் பகுத்து நோக்கின், அதில் வேறு கூறுகளும் உள்ளமை புலனாகும். மனிதக் கைகள் பற்றாசு பிடித்து இணைத்த கம்பிகள், சுற்றுப்படத்தை வைத்துக்கொண்டு பாகம் பாகமாக விளங்கிக்கொள்ளக்கூடிய அமைப்பு, பழுதுற்ற பாகத்தை நீக்கிப் புதியதை இடக்கூடிய வாய்ப்பு என்பன மெய்யான சிறப்புகள். இன்றைய கருவிகள் பலவற்றில் ஒரு பாகம் பழுதுற்றால் முழுவதையும் எறிந்துவிட நேரிடுகின்றது. செய்தவரின் அறிவும் பேணுபவரின் அறிவும் சந்திக்கக்கூடிய பொருளாக நிற்பது பழைய விரியலாக்கியின் பெருமை. இப்பெருமையைக் கண்களைக் கட்டி நடத்தும் சோதனை எதுவும் பொய்ப்பிக்க இயலாது. ஏனெனில் இது செவியைப் பற்றிய கூற்றே அன்று. செவியின் பெயரால் இதனைக் கூறுவதே தவறு.

இனி, பேணுதல் என்பதன் பொருளை உற்றுநோக்கல் வேண்டும். குவாட் 2 விரியலாக்கியில் முன்னைய வால்வுக்கும் வெளியீட்டு வால்வுக்கும் இடையே சிறிய கொள்ளளவிகள் உள்ளன. ஆடலோட்டக் குறியைச் செல்லவிட்டு நேரோட்டத்தைத் தடுத்து நிறுத்துவது அவற்றின் கடமை. காலம் செல்லச்செல்ல அவை கசியத் தொடங்குகின்றன. நேரோட்டம் கசிந்து வெளியீட்டு வால்வின் நெய்யரியை அடைந்தால், வால்வு அளவுக்கு மீறிய ஓட்டத்தை ஏற்றுச் சூடேறி அழியும், நிலைமாற்றியும் கருகக்கூடும். அக்கொள்ளளவிகளை மாற்றுதல் சிறுசெலவில் முடியும் வேலை. ஆயினும் சேகரிப்போர் சந்தையிலே, தொழிற்சாலையினின்று வந்தவாறே ஒரு பாகமும் மாற்றப்படாத விரியலாக்கிக்குத் தனி மதிப்பு உண்டு. மாற்றினால் அம்மதிப்பு குறையும். மாற்றாவிடின் அதனை இயக்குதல் ஆபத்து. எனவே சிலர் அதனை இயக்காமலே கண்ணாடிப் பெட்டியினுள் வைத்துவிடுகின்றனர்.

உடைமை நுகர்ச்சிக்குப் பகையாகும் இடம் இதுவே. பண்டமொன்றின் பயன்பாட்டுப் பெறுமதியையும் பரிமாற்றப் பெறுமதியையும் வேறுபடுத்திக் காட்டிய கார்ல் மார்க்ஸ், மனிதரிடையேயான உறவுகள் பண்டங்களுக்கிடையேயான உறவுகளாகத் தோற்றம் பெறுதலைப் பண்ட வழிபாடு என்றார். கசியும் கொள்ளளவியை அதன் பழமைக்காகப் பேணி, இசையை நிறுத்திவைத்தல் அவ்வழிபாட்டின் தெளிவான வடிவம் எனலாம். கேட்பதற்கெனச் செய்யப்பட்ட பொருள் கேட்கப்படாதிருப்பதனால் விலை பெறுகின்றது. செய்தவரின் உழைப்பு எதற்காகச் செலவிடப்பட்டதோ அந்நோக்கம் அங்கே மறுக்கப்படுகின்றது. வரலாற்றுச் சான்றாக ஒன்றிரண்டு நூதனசாலையில் மாறுதலின்றி வைக்கப்படுவது நியாயமே. ஆயின் ஒவ்வொரு வீட்டு அறையும் நூதனசாலையாக வேண்டியதில்லை.

பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே சென்றால் அது பழைய விரியலாக்கியாகவே இருக்குமா என்னும் ஐயமும் எழுதல் கூடும். பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட தீசியசின் கப்பல் பற்றிப் புளூராக் எழுப்பிய வினாவும் இதுவே. கே.ரி. 66 வால்வுகள் இன்றும் சீனாவிலும் ரஷ்யாவிலும் சிலோவாக்கியாவிலும் செய்யப்படுகின்றன. அவற்றை இட்டபோது அவ்விரியலாக்கியின் பருப்பொருளில் ஒரு பகுதி மாறுகின்றது. அமைப்பும் தொழிலும் மாறுவதில்லை. அதன் அடையாளத்தைப் பருப்பொருளிலே தேடுபவன் வணிகன். தொழிலிலே தேடுபவன் பயன்கொள்பவன்.

இவ்விடத்தில் தமிழ்ச் சொற்களே சில எண்ணங்களைத் தூண்டுகின்றன. சைவ சித்தாந்த மரபிலே 'உடையான்' என்னும் சொல் இறைவனையும், 'உடைமை' என்னும் சொல் அவனுக்கு ஆட்பட்ட உயிரையும் குறிக்கும். அங்கே உடையானுக்குரிய இலக்கணம் காத்தலேயாகும். உடைமையைத் தன் விருப்பப்படி ஆளும் உரிமை என்று மாத்திரம் கொள்ளும் இக்காலச் சிந்தனையிலே, காத்தற் கடமை மறைந்துவிடுகின்றது. அவ்வாறே, 'நுகர்ச்சி' என்னும் சொல் இன்று பொருளியலிலே பொருளைச் செலவழித்துத் தீர்த்தலைக் குறித்து நிற்பினும், துய்த்துணர்தல் என்பதே அதன் பழைய பொருள். விரியலாக்கியை உடையவர் அவ்விரு பழைய பொருள்களிலும் உடையவராகவும் நுகர்பவராகவும் இருத்தல் இயலும். 300 வோல்ற்றுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் உள்ளே தங்கியிருக்கும் கருவியை அறிந்து கையாளுதலும், பிள்ளைகள் தீண்டாவண்ணம் மூடிவைத்தலும், உரிய காலத்தில் பழுது நீக்குதலும், பின் அதன் அருகே அமர்ந்து அதனை மறந்து இசையைக் கேட்டலும் அவருக்குரிய கடமையும் பேறும் ஆகும்.

தொகுத்து நோக்கின், பழைய விரியலாக்கியொன்றை உடைத்தாயிருத்தல் தன்னளவிற் குற்றமுமன்று, சிறப்புமன்று. அதற்கு இல்லாத சிறப்பை ஏற்றிக் கூறாமையும், அதன் நோக்கத்தை விலையின் பொருட்டு மறுக்காமையும் உடையவரிடத்து வேண்டப்படும் இரு நேர்மைகள். முன்னையது உண்மைக்குச் செய்யும் கடமை. பின்னையது செய்தவரின் உழைப்புக்குச் செய்யும் கடமை. இவற்றைக் கைக்கொள்பவர் சோதனையின் முடிவைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அயலவரை அழைத்து, திரையிட்டு, எது பழையது எது புதியது எனக் கேட்டுப் பார்க்கலாம். எவராலும் கண்டறிய இயலாதுபோயின், அது அவருடைய விரியலாக்கிக்கு நேர்ந்த தோல்வி அன்று. எழுபது ஆண்டுகளுக்கு முன் வடிவமைக்கப்பட்ட கருவி இன்றும் தன்னைப் புலப்படுத்தாது இசையை மாத்திரம் கொடுக்கின்றது என்பதற்கு அதுவே சான்றாகும். வீட்டுப் பயன்பாட்டுக்குரியது எனத் தன் பெயரிலேயே பொறித்துக்கொண்ட பொருளுக்கு, வீட்டார் கூடியிருந்து கேட்கும் மாலைப்பொழுதொன்றிலும் உயர்ந்த மதிப்பு வேறெதுவும் இல்லை.